மைக் மேல் பழி போடும் முன்

இந்த முறை வந்த கேள்விகள் எல்லாம் வீட்டில் கணினி வைத்துக் குரல் பதிவு செய்பவர்களுடையவை. ஏறக்குறைய எல்லாருமே ‘எந்த மைக் வாங்கலாம்?’ என்றுதான் முடித்திருந்தார்கள். என் பதில் பெரும்பாலும், ‘இப்போதைக்கு எதுவும் வேண்டாம்’.

கேள்வி: லேப்டாப்பில் யூஎஸ்பி மைக் செருகிச் சிறுகதைகளை வாசித்துப் பதிவு செய்கிறேன். நான் பேசாத இடங்களில் ‘ம்ம்ம்’ என்று ஒரு ரீங்காரம் விடாமல் ஓடுகிறது. மைக் மலிவானது. நல்லதாக ஒன்று வாங்கினால் போய்விடுமா?

பதில்: வாங்கிய பிறகும் ரீங்காரம் அப்படியே இருந்தால் என்ன செய்வீர்கள்? முதலில் ஒரு சோதனை. ரெக்கார்டிங்கை ஓடவிட்டு, வாயைத் திறக்காமல், லேப்டாப் சார்ஜரைக் கழற்றுங்கள். பத்து விநாடி கழித்து மறுபடி செருகுங்கள். அப்புறம் போட்டுக் கேளுங்கள். நடுவில் அந்தப் பத்து விநாடி மட்டும் சத்தம் நின்றிருந்தால் குற்றவாளி மைக் இல்லை, மின்சாரம். வீட்டு மின்சாரம் நாட்டைப் பொறுத்து 50 அல்லது 60 ஹெர்ட்ஸில் அலைகிறது. சார்ஜர் வழியாகவோ, எர்த் சரியில்லாத பிளக் வழியாகவோ அந்த அலைவு ஒலிப்பாதையில் நுழைந்துவிட்டால் யாரோ அடித்தொண்டையில் முனகுவதுபோல் கேட்கும்.

செலவில்லாத மருந்து, பேட்டரியில் ஓட்டிப் பதிவு செய்வது. ஸ்பீக்கர், மானிட்டர் என்று மற்ற கருவிகளும் லேப்டாப்போடு கேபிளால் இணைந்திருந்தால், எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகிப் பாருங்கள். வெவ்வேறு பிளக் பாயின்ட்களின் எர்த் கம்பிகளுக்கு இடையே சுற்றி வரும் மின்னோட்டம்தான் பல வீடுகளில் இந்த முனகலுக்குக் காரணம். பிளக்கின் எர்த் முள்ளை எடுத்துவிட்டால் சத்தம் போய்விடும் என்று யாராவது யோசனை சொல்வார்கள். போகலாம்தான், ஷாக் அடிக்காமல் உங்களைக் காப்பாற்றும் வழியும் கூடவே போய்விடும். அந்தப் பக்கமே போகாதீர்கள்.

சத்தத்தின் சாயலையும் காது கொடுத்துக் கேளுங்கள். ‘ஸ்ஸ்ஸ்’ என்று வந்தால், மைக் தள்ளி இருக்கிறது, அதைச் சரிக்கட்ட கெயினை (மைக்கின் ஒலியைப் பெருக்கும் அளவை) தூக்கி வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். மவுஸை நகர்த்தும்போதெல்லாம் ‘கீச்’ என்றால் யூஎஸ்பி வழியே வரும் மின்சாரத்தில் இரைச்சல் கலந்திருக்கிறது. ஹப்பை விட்டுவிட்டு நேராகக் கணினியின் வேறொரு போர்ட்டில் செருகுங்கள். ‘ஹூ’ என்று சீராக இழுப்பது லேப்டாப்பின் விசிறி. முன்பக்கம் வரும் ஒலியை மட்டும் நன்றாகப் பிடிக்கும் கார்டியாய்டு வகை மைக் என்றால், அதன் முதுகை விசிறிப் பக்கம் திருப்பி வைத்தாலே பாதி அடங்கிவிடும். இவ்வளவுக்கும் பிறகு மிஞ்சுவதை ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் குறைக்கலாம். அதற்கு ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் ஐந்து விநாடி சும்மா இருங்கள். ‘இதுதான் இரைச்சல்’ என்று மென்பொருளுக்குக் காட்ட ஒரு மாதிரி வேண்டும். ஆசையில் அளவுக்கு மேல் குறைத்தால் தண்ணீருக்கு அடியிலிருந்து பேசுவதுபோல் ஆகிவிடும்.

கேள்வி: புதிதாக ஒரு கண்டென்சர் மைக் வாங்கினேன். கூடவே வந்த கேபிளின் ஒரு முனையில் மூன்று முள், மறுமுனையில் ஹெட்ஃபோனுக்கு இருப்பது போன்ற பின். அதை லேப்டாப்பின் ஒரே ஆடியோ துளையில் செருகினேன். குரல் பதிவாகிறது, ஆனால் லேப்டாப்பிலேயே உள்ள மைக்கில் பேசியது மாதிரியே இருக்கிறது. மைக் பழுதா?

பதில்: ‘மாதிரியே’ என்ன, அதே மைக்கில்தான் பதிவாகியிருக்கும். ஊர்ஜிதம் செய்ய, ரெக்கார்டிங் ஓடும்போது புது மைக்கை நகத்தால் லேசாகத் தட்டுங்கள், அப்புறம் லேப்டாப்பின் விளிம்பைத் தட்டுங்கள். எந்தத் தட்டல் ‘டொக்’ என்று பெரிதாகக் கேட்கிறதோ, அங்கேதான் வேலை நடக்கிறது. மைக்கில் ஊதிப் பார்க்க வேண்டாம், உள்ளே இருக்கும் சவ்வு மெல்லியது.

உங்கள் விஷயத்தில் இரண்டு சிக்கல்கள் ஒன்றாகச் சேர்ந்திருக்கலாம். முதலாவது, அந்தப் பின். அதில் கறுப்பு வளையங்களை எண்ணுங்கள். பேசவும் கேட்கவும் ஒரே துளை வைத்திருக்கும் லேப்டாப் மூன்று வளையம் உள்ள பின்னை எதிர்பார்க்கிறது. இரண்டே வளையம் என்றால், ‘யாரோ ஹெட்ஃபோன் மாட்டியிருக்கிறார்’ என்று எடுத்துக்கொண்டு தன் சொந்த மைக்கிலேயே கேட்டுக்கொண்டிருக்கும். மைக்குக்கும் ஹெட்ஃபோனுக்கும் தனித்தனித் துளை தரும் சின்ன அடாப்டர் இதைத் தீர்க்கும். ஆனால் அதை வாங்க ஓடுவதற்கு முன் இரண்டாவதைப் பாருங்கள். மூன்று முள் உள்ள எக்ஸ்எல்ஆர் கண்டென்சர் மைக்குகள் பெரும்பாலானவற்றுக்கு 48 வோல்ட் வேண்டும். ஃபேன்டம் பவர் என்பார்கள். லேப்டாப்பின் துளை தருவது சில வோல்ட்தான். மைக்கின் பெட்டியில் 48 வோல்ட் என்று போட்டிருந்தால் அடாப்டர் மாட்டினாலும் ஊமையாக இருக்கும், இல்லாவிட்டால் எங்கோ தொலைவில் பேசுவதுபோல் முனகும்.

திருப்பிக் கொடுக்க முடியுமானால் கொடுத்துவிட்டு யூஎஸ்பி மைக் வாங்குங்கள். ஒருவர் பேசிப் பதிவு செய்ய அது தாராளம். இருவர் பேச வேண்டும், அல்லது பின்னாளில் ஒரு வாத்தியத்தையும் சேர்க்க வேண்டும் என்ற திட்டம் இருந்தால் மட்டும் இதையே வைத்துக்கொண்டு, 48 வோல்ட் பொத்தான் உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) வாங்கலாம். யூஎஸ்பி வாங்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: மைக்கோடு வந்த கேபிளையே பயன்படுத்துங்கள். போன் சார்ஜ் செய்ய வைத்திருக்கும் கேபிள்கள் சிலவற்றில் மின்சாரக் கம்பிதான் இருக்கும், தகவல் கம்பி இருக்காது. மைக்கில் விளக்கு எரியும், கணினிக்கு மட்டும் அது கண்ணிலேயே படாது.

கேள்வி: கரோக்கி இசையைக் கேட்டுக்கொண்டே பாடுகிறேன். என் குரல் ஹெட்ஃபோனில் ஒரு நொடி பிந்தி வந்து தாளத்தைக் கெடுக்கிறது. வேகமான கணினி வாங்கச் சொல்கிறார் நண்பர்.

பதில்: நண்பர் பணம் தருவதாக இருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். மற்றபடி தேவையில்லை.

முதல் கேள்வி: அது ப்ளூடூத் ஹெட்ஃபோனா? ஆம் என்றால் கழற்றி வைத்துவிட்டு வயர் உள்ளதை மாட்டுங்கள். ப்ளூடூத்தின் தாமதத்தை எந்த செட்டிங்காலும் பாடும் அளவுக்குக் குறைக்க முடியாது. அதிலுள்ள மைக்கையே பயன்படுத்தினால் இன்னொரு தொல்லையும் உண்டு. மைக் இயங்கத் தொடங்கியதும் பெரும்பாலான ஹெட்ஃபோன்கள் போன் பேசும் முறைக்கு மாறிவிடும். கேட்பதும் பதிவாவதும் இரண்டுமே தட்டையாகிவிடும்.

வயர் உள்ளதுதான் என்றால், மென்பொருளில் பஃபர் என்ற எண்ணைத் தேடுங்கள். கணினி ஒலியை அள்ளி அள்ளி அனுப்புகிறது. ஒரு அள்ளலில் எத்தனை மாதிரி (சாம்பிள், ஒலியை ஒருமுறை அளந்த அளவு) என்பதுதான் அந்த எண். விநாடிக்கு 48,000 மாதிரி எடுக்கும் பதிவில் 1,024 என்று வைத்தால் ஒரு அள்ளலுக்கு 21 மில்லி விநாடி. உள்ளே வர ஒன்று, வெளியே போக ஒன்று என்று 40ஐத் தாண்டிவிடும், பாடுபவருக்கு அது நன்றாகவே தெரியும். 128 என்றால் ஒரு அள்ளல் 3 மில்லி விநாடிக்கும் குறைவு. ரொம்பக் குறைத்தால் கணினிக்கு மூச்சு வாங்கி ‘பட் பட்’ என்று ஒலி வெட்டுப்படும். வெட்டு நிற்கும் வரை ஒவ்வொரு படியாக ஏற்றுங்கள். பாடி முடித்து மிக்ஸ் செய்யும்போது மறுபடி 1,024க்கே போகலாம், அப்போது தாமதம் யாரையும் தொந்தரவு செய்யாது. விண்டோஸில் உங்கள் கருவிக்கென்று, தாமதத்தைக் குறைக்கும் ஆஸியோ (ASIO) டிரைவர் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள்.

இதைவிட எளிய வழி, ஹெட்ஃபோன் துளை மைக்கிலேயே இருப்பது. அதில் உங்கள் குரல் கணினிக்குள் போகாமல் நேராகக் காதுக்கு வரும். அடுத்த மைக் வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது இந்தத் துளை இருக்கிறதா என்றுதான். ஏற்கெனவே இருந்தால், மென்பொருளில் குரலைத் திரும்பக் கேட்கும் வசதியை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் இரண்டு குரல் கேட்கும்.

கேள்வி: கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருக்கிறது பதிவு. சுவர் முழுக்க ஃபோம் ஒட்டலாமா?

பதில்: ஃபோம் வாங்குவதற்கு முன் மைக்குக்கும் வாய்க்கும் எவ்வளவு தூரம் என்று அளந்து பாருங்கள். தூரம் பாதியானால் உங்கள் குரல் ஏறத்தாழ 6 டெசிபல் கூடும். அறையின் எதிரொலி அநேகமாக அப்படியேதான் இருக்கும். இரண்டடியிலிருந்து அரையடிக்கு வந்தால் 12 டெசிபல் ஆதாயம். கெயினை அந்த அளவுக்கு இறக்கினால் எதிரொலியும் கீழே போய்விடும். உரக்கப் பேசும்போதும் மென்பொருளின் ஒலி மீட்டர் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் இருக்கட்டும். பூஜ்ஜியத்தைத் தொட்டுக் கிழிந்த குரலைப் பிறகு ஒட்ட வைப்பது பெரும்பாடு. நெருங்கிப் பேசினால் ‘ப’ வரும் இடமெல்லாம் காற்று ‘புஃப்’ என்று மோதும். கொஞ்சம் பக்கவாட்டில் விலகிப் பேசுங்கள், அல்லது அந்தக் காற்றை மைக்குக்கு முன்னால் தடுக்கும் பாப் ஃபில்டர் ஒன்று வாங்குங்கள். இந்தப் பட்டியலில் தயங்காமல் காசு கொடுக்கத் தகுந்த பொருள் அது.

எந்தப் பக்கத்தில் பேசுகிறீர்கள் என்பதையும் பாருங்கள். சிரிக்காதீர்கள். என் முதல் கண்டென்சர் மைக்கில் இரண்டு வாரம் மேடைப் பாடகர் மாதிரி அதன் உச்சியைப் பார்த்தே பேசி, ‘என்ன மோசமான மைக்’ என்று திட்டிக்கொண்டிருந்தேன். அது பக்கவாட்டில் கேட்கும் வகை. பெயர் பொறித்த பக்கம்தான் பெரும்பாலும் அதன் முகம்.

அதற்குப் பிறகும் கிணறு கேட்டால், துணி நிறைந்த அலமாரியைத் திறந்து வைத்து அதைப் பார்த்துப் பேசுங்கள், அல்லது முதுகுக்குப் பின்னால் கனமான போர்வையைத் தொங்கவிடுங்கள். மெல்லிய ஃபோம் கீச்சொலியைத்தான் உறிஞ்சும், கனத்த ஒலியைத் தொடாது. சுவர் முழுக்க ஒட்டினால் குரல் மூக்கடைத்தது போலாகும்.

கேள்வி: நண்பர் அனுப்பிய பாட்டை என் கணினியில் திறந்தால் அவர் குரல் கனத்து, பாட்டு மெதுவாக ஓடுகிறது. ஸ்பீக்கர் கோளாறா?

பதில்: இல்லை. அவர் 48,000 ஹெர்ட்ஸில், அதாவது விநாடிக்கு 48,000 மாதிரி எடுத்து, பதிவு செய்திருக்கிறார், உங்கள் மென்பொருள் அதை 44,100 என்று நினைத்து ஓட்டுகிறது. சுருதி ஏறத்தாழ ஒன்றரை செமிடோன் (அரைச்சுரம்) இறங்கும். உங்கள் பிராஜெக்ட்டை 48,000க்கு மாற்றிவிட்டு அந்தக் கோப்பைப் புதிதாகச் சேருங்கள், அவர் குரல் பழையபடி வந்துவிடும்.