பாட்டை எங்கே வைப்பது? வாசகர் கேள்வி பதில்

வீட்டில் இருக்கும் பாட்டையெல்லாம் ஒரு நெட்வொர்க் ஹார்டு டிஸ்க் பெட்டியில் போட்டு, ஹாலில் ஆம்ப்ளிஃபயரிலும் மொட்டை மாடியில் போனிலும் கேட்கிறேன் என்று போன மாதம் போகிற போக்கில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களே இந்த மாதப் பக்கத்தை நிரப்பிவிட்டன. புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் திருச்சியில் 1986 முதல் 2003 வரை கேசட் ரெக்கார்டிங் சென்டர் வைத்திருந்தவன். அப்புறம் கம்ப்யூட்டர் சர்வீஸ். பாட்டைப் பத்திரமாக வைப்பது என்பது என் விஷயத்தில் தொழிலாக ஆரம்பித்து வியாதியாக முடிந்தது.

என்னிடம் 640 ஆடியோ சிடிக்கள் இருக்கின்றன. நான்கு டிஸ்க் போடும் பெட்டி வாங்கி, மொத்தம் 16 டிபி போடுங்கள் என்கிறார் கடைக்காரர். அவ்வளவு தேவையா?
(ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், கும்பகோணம்)

தேவையில்லை சார். விற்பது அவர் தொழில். 60 நிமிட கேசட் கேட்டு வந்தவருக்கு 90 விற்று அனுப்பியவன்தான் நானும்.

கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். சிடியில் நொடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட், இடது வலது என்று இரண்டு தடம். ஒரு மணி நேரத்துக்கு 635 எம்பி வருகிறது. இதை ஃப்ளாக் ஃபைலாக மாற்றினால் ஒலியில் ஒரு துளியும் குறையாமல் ஏறக்குறைய பாதி அளவுக்குச் சுருங்கும். டி.எம்.எஸ்., சுசீலா காலத்து மோனோ பாட்டுகள் இன்னும் நன்றாகச் சுருங்கும். இரண்டு தடத்திலும் ஒரே ஒலிதான் என்பதை ஃப்ளாக் கண்டுபிடித்து, ஒன்றை மட்டும் எழுதிக்கொள்ளும். ஆகவே சிடிக்கு 350 எம்பி என்று தாராளமாகவே வைத்தாலும் உங்கள் 640 சிடிக்கு 224 ஜிபி. பாட்டு என்பது சினிமா மாதிரி இடத்தைத் தின்னாது. இரண்டு டிஸ்க் போடும் சின்னப் பெட்டி, ஆளுக்கு 2 டிபியில் இரண்டு டிஸ்க், தனியாக ஒரு யுஎஸ்பி டிஸ்க். போதும்.

கடையில் ஒன்று மட்டும் கேளுங்கள்: டிஸ்க் சிஎம்ஆரா, எஸ்எம்ஆரா? எஸ்எம்ஆர் என்றால் ஓட்டு வீட்டுக் கூரையில் ஓடு அடுக்குவதுபோல ஒரு தடத்தின் மேல் அடுத்த தடம் சற்று ஏறி உட்கார்ந்திருக்கும். ஒன்றை மாற்றி எழுத வேண்டுமென்றால் பக்கத்தில் இருப்பதையும் எடுத்து எழுத வேண்டும். ஒரு டிஸ்க் போய்ப் புது டிஸ்க் போடும்போது இந்த வகை உயிரை வாங்கிவிடும். தடங்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறாமல் தனித்தனியாக இருக்கும் சிஎம்ஆர் கேட்டு வாங்குங்கள்.

மின்சாரம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 15 வாட் என்று வைத்துக்கொண்டு இரவும் பகலும் ஓடவிட்டால் இரண்டு மாத பில்லில் சுமார் 22 யூனிட். ஆனால் ஒரு சின்ன யூபிஎஸ் வைக்காமல் பெட்டியை வாங்கவே வேண்டாம். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போவதைப் போல டிஸ்குக்கு விஷம் வேறில்லை. யூபிஎஸ்ஸிலிருந்து பெட்டிக்கு ஒரு யுஎஸ்பி வயர் கொடுத்தால், பேட்டரி தீரும் முன் பெட்டி தானே ஒழுங்காக அணைந்துகொள்ளும்.

இன்னொன்று. 640-இல் வீட்டிலோ கடையிலோ எழுதிய சிடிக்கள் இருந்தால் அவற்றை முதலில் ஏற்றுங்கள். அச்சடித்த சிடியைவிட அவற்றுக்கு ஆயுள் குறைவு. எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்ற இலவச மென்பொருள் நல்லது. எடுத்த பாட்டு சரிதானா என்று அது ஒரு பொதுப் பட்டியலோடு ஒப்பிட்டுச் சொல்லும். நம் ஊர் சிடிகள் பல அந்தப் பட்டியலில் இருப்பதில்லை. ‘இந்த சிடி பட்டியலில் இல்லை’ என்று வந்தால் பதற வேண்டாம், அது பிழை என்று அர்த்தமில்லை. இரண்டு முறை படித்து ஒப்பிடும் வசதி அதிலேயே இருக்கிறது. இரண்டும் ஒத்துப்போனால் கவலையில்லை.

எல்லாவற்றையும் ஏற்றி, பெட்டியில் உள்ள பாட்டைப் பட்டியலிட்டு ஓடவிடும் நேவிட்ரோம் மென்பொருளையும் போட்டுவிட்டேன். ஆனால் ஒரே படம் ஆறு ஆல்பமாக உடைந்து தெரிகிறது. எம்.எஸ்.வி. என்று தேடினால் பாதிப் படங்களைக் காணோம். என்ன தவறு செய்தேன்?
(பள்ளி ஆசிரியை, மதுரை)

தவறு உங்களுடையது இல்லை அம்மா. ஒரு ஆல்பம் என்றால் ஒரு பாடகர் என்ற நினைப்பில் எழுதப்பட்டவை இந்த மென்பொருள்கள். நம் சினிமாப் பாட்டு அப்படியா? ஒரு படத்தில் டி.எம்.எஸ். இரண்டு, சுசீலா இரண்டு, எல்.ஆர். ஈஸ்வரி ஒன்று, சீர்காழி ஒன்று. ‘ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்’ என்ற கட்டம் காலியாக இருந்தால், பாடகர் மாறும் இடத்திலெல்லாம் ஆல்பத்தை வெட்டிவிடும்.

என் கடையில் நீள சைஸ் நோட்டு ஒன்று இருந்தது. படம், வருடம், இசை, பாடியவர், எழுதியவர், கேசட் எண் என்று ஆறு பத்தி. படத்தின் பெயரைச் சொல்லிப் பாட்டுக் கேட்டவர்கள் பாதிப் பேர்கூட இல்லை. ‘ஜானகி பாடினது, மழையில வரும்’ என்பார்கள். ‘கண்ணதாசன் தத்துவம் மட்டும் ஒரு பக்கம் போடுங்க’ என்பார்கள். அந்த நோட்டு இல்லாமல் நான் ஒரு நாள்கூடக் கடை நடத்தியிருக்க முடியாது. பெட்டியில் நீங்கள் நிரப்ப வேண்டியதும் அதே ஆறு பத்திதான், கேசட் எண் மட்டும் வேண்டாம்.

ஆல்பம் என்ற இடத்தில் படத்தின் பெயர், பக்கத்திலேயே வருடம். ஒரே பெயரில் இரண்டு படம் வருவது நமக்குப் புதிதில்லையே. ஆல்பம் ஆர்ட்டிஸ்ட் என்ற இடத்தில் இசையமைப்பாளர், அந்தப் படத்தின் எல்லாப் பாட்டுக்கும் ஒரே மாதிரி. ஆர்ட்டிஸ்ட் என்ற இடத்தில் பாடியவர்கள். இருவர் பாடியிருந்தால் கமா போட்டு ஒட்டாமல் தனித்தனி மதிப்பாகக் கொடுங்கள், இல்லாவிட்டால் ‘டி.எம்.எஸ்., சுசீலா’ என்று மூன்றாவது பாடகர் ஒருவர் பிறந்துவிடுவார். லிரிசிஸ்ட் என்ற இடத்தில் கவிஞர். எம்பி3டேக் என்ற மென்பொருளில் ஒரு படத்தின் பாட்டுகளை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஒரே அடியில் மாற்றலாம். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், ஃப்ளாக் ஃபைலையும் அது திருத்தும்.

எம்.எஸ்.வி. காணாமல் போனதற்குக் காரணம் வேறு. 1965 வரை அவரும் ராமமூர்த்தியும் இரட்டையர்கள். உங்கள் சிடிகளில் ஒன்று ‘விஸ்வநாதன் ராமமூர்த்தி’ என்று சொல்லும், ஒன்று ‘எம்.எஸ்.வி. டி.கே.ஆர்.’ என்று சொல்லும், ஒன்று முழுப்பெயரை இங்கிலீஷில் வேறொரு ஸ்பெல்லிங்கில் சொல்லும். மூன்றும் மூன்று ஆள் என்றுதான் மெஷின் நினைக்கும். ஒரு காகிதத்தில் இருபது முப்பது பெயரை ‘இப்படித்தான் எழுதுவேன்’ என்று எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். இளையராஜாவை இங்கிலீஷில் எத்தனை விதமாக எழுதுகிறார்கள் என்று பார்த்துவிட்டு நான் எல்லாவற்றையும் தமிழுக்கே மாற்றிவிட்டேன். தமிழில் அவருக்கு ஒரே ஸ்பெல்லிங்தான்.

தமிழிலும் ஒரு பொடி வைத்திருக்கிறார்கள். ‘பொ’ என்ற எழுத்தின் ஒகரக் குறியைக் கம்ப்யூட்டர் ஒரே குறியாகவும் எழுதி வைக்கலாம், ஒற்றைக் கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறியாகவும் எழுதி வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். பழைய மேக் கம்ப்யூட்டரின் டிஸ்கில் ஃபைல் பெயர்கள் இரண்டாவது விதத்தில் இருக்கும். அதிலிருந்து பெட்டிக்கு ஏற்றினால் ஒரே பெயரில் இரண்டு ஃபோல்டர் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், தேடினால் ஒன்றுதான் கிடைக்கும். இது புரிய எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. அப்படி ஏதாவது பார்த்தால் பெயரை அழித்துவிட்டு பெட்டி பக்கமிருந்து புதிதாகத் தட்டச்சு செய்யுங்கள்.

ஒரு ராத்திரிக்குப் பத்துப் படம் போதும். அதற்கு மேல் உட்கார்ந்தால் தப்பு வரும்.

கச்சேரி சிடிகளை ஏற்றினேன். தனி ஆவர்த்தனம் முடிந்து பாட்டுக்குத் திரும்பும் இடத்தில் சின்னதாக ஒரு வெட்டு விழுகிறது. ராகம் வாரியாகத் தேடவும் முடியவில்லை.
(மயிலாப்பூர் வாசகர்)

எம்பி3 ஆக ஏற்றியிருப்பீர்கள். அந்த வடிவம் ஒவ்வொரு ஃபைலின் தொடக்கத்திலும் முடிவிலும் கொஞ்சம் வெற்று ஒலியைச் சேர்த்துவிடும். சிடியில் தொடர்ச்சியாக ஓடும் ஒரே உருப்படியை மூன்று தடமாக வெட்டியிருந்தால் அங்கே தடுக்கும். ஃப்ளாக்கில் அது கிடையாது. மறுபடி ஏற்றுங்கள், வேறு வழி சொல்ல மனமில்லை. போன் ஆப்பில் ‘கேப்லெஸ்’ என்பதைப் போட்டு, ‘கிராஸ்ஃபேட்’ என்பதை அணைத்துவிடுங்கள். தோடி ஆலாபனையின் வால் மேல் வயலின் ஏறி உட்காருவதற்கு அதுதான் காரணம்.

ராகத்துக்கு: ஃப்ளாக்கில் நீங்களே ஒரு கட்டம் உண்டாக்கி ராகம், தாளம் என்று எழுதலாம். எல்லா ஆப்பும் அதைக் காட்டாது. அதனால் பாட்டின் பெயரிலேயே ராகத்தையும் சேர்த்து எழுதுவது என் பழக்கம். கரகரப்பிரியாவா கரஹரப்ரியாவா என்பதை முதல் நாளே முடிவு செய்துகொள்ளுங்கள்.

இரண்டு டிஸ்கிலும் ஒரே பாட்டு பதிவாகும்படி மிரர் வைத்திருக்கிறேன். அதற்கு மேல் பேக்கப் எதற்கு?
(நாகர்கோவில் வாசகர்)

2018 மே மாதம் ஒரு ராத்திரி, ஒரே பாட்டு இரண்டு இடத்தில் இருப்பதைக் கண்டுபிடித்து அழிக்கும் மென்பொருள் ஒன்றை ஓடவிட்டேன். தூக்கக் கலக்கத்தில் ஒரு டிக் மாற்றிப் போட்டேன். பி.பி. ஸ்ரீனிவாஸ் ஃபோல்டர் முழுதும் போயிற்று. மிரர் தன் வேலையை ஒழுங்காகச் செய்தது: அடுத்த டிஸ்கிலும் அதே நொடியில் அழித்தது.

மிரர் என்பது ஒரு டிஸ்க் செத்தால் பாட்டு நிற்காமல் ஓடுவதற்கு. நம் கை தப்புக்கும், திருட்டுக்கும், ஷார்ட் சர்க்யூட்டுக்கும் அது மருந்தில்லை. மூன்று பிரதி, இரண்டு விதமான இடம், அதில் ஒன்று வீட்டுக்கு வெளியே என்று ஒரு கணக்கு உண்டு. எனக்குப் பெட்டி ஒன்று, பீரோவில் யுஎஸ்பி டிஸ்க் ஒன்று, தஞ்சாவூரில் மைத்துனர் வீட்டில் ஒன்று. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போகும்போது புது டிஸ்க்கைக் கொடுத்துப் பழையதை எடுத்து வருவேன். ஸ்ரீனிவாஸ் அந்தத் தஞ்சாவூர் டிஸ்கிலிருந்துதான் திரும்பி வந்தார்.

பீரோவில் இருக்கும் டிஸ்க்கை பேக்கப் எடுக்கும் நேரம் தவிர செருகி வைக்காதீர்கள்.

மகள் புனேவில் வேலை பார்க்கிறாள். அங்கிருந்து நம் வீட்டுப் பெட்டியில் உள்ள பாட்டைக் கேட்க முடியுமா? ரவுட்டரில் போர்ட் திறக்க வேண்டும் என்று ஒரு தம்பி சொன்னார்.
(ஈரோடு வாசகி)

திறக்காதீர்கள் அம்மா. 2021, 2022-இல் இப்படி இணையத்தில் நேராகத் திறந்து வைத்த பெட்டிகளுக்குள் புகுந்து, ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்ட கூத்து உலகம் முழுக்க நடந்தது. தவிர, பல ஃபைபர் இணைப்புகளில் உங்களுக்கென்று தனி ஐபி முகவரி இருக்காது, திறந்தாலும் பயனில்லை. டெயில்ஸ்கேல் என்ற மென்பொருளைப் பெட்டியிலும் மகளின் போனிலும் போடுங்கள். இரண்டுக்கும் நடுவில் தனி ரகசியப் பாதை ஒன்று அமைந்துவிடும். தனிப்பட்ட உபயோகத்துக்கு இலவசம்.

மொபைல் டேட்டாவில் கேட்பதானால், வெளியே போகும் பாட்டை மட்டும் ஓபஸ் வடிவில் நொடிக்கு 128 கிலோபிட் அளவுக்கு மாற்றி அனுப்பச் சொல்லி நேவிட்ரோமில் வைக்கலாம். மணிக்கு 58 எம்பிதான் செலவாகும். பெட்டியில் இருக்கும் மூலப் பிரதி அப்படியே இருக்கும்.

பாட்டு துல்லியமாகக் கேட்க விசேஷ லேன் கேபிள் வாங்க வேண்டுமா?
(கோவை வாசகர்)

வேண்டாம். சிடி தர ஃப்ளாக்குக்கு நொடிக்கு ஒரு மெகாபிட் அளவுதான். சாதாரண கேட் 5இ கேபிளில் ஆயிரம் போகும். அந்தப் பணத்துக்கு ஒரு பேக்கப் டிஸ்க்.

வணக்கம் ஐயா. அப்பா இலங்கை வானொலியிலிருந்து பதிவு செய்த ஒலிநாடாக்கள் நாற்பது வரை இருக்கின்றன. அவற்றையும் இப்படிப் பெட்டியில் சேர்க்கலாமா?
(யாழ்ப்பாணம்)

கட்டாயம் சேர்க்க வேண்டும், சிடிகளுக்கு முன்னால். அந்த சிடி வேறு யாரிடமாவது இருக்கும், உங்கள் அப்பாவின் ஒலிநாடா உலகத்திலேயே ஒன்றுதான்.

அவசரம் மட்டும் கூடாது. 90 நிமிட நாடா ஏற 90 நிமிடம் ஆகும், குறுக்கு வழி இல்லை. முதலில் ஒவ்வொன்றையும் கடைசி வரை ஓட்டி, திருப்பிச் சுற்றுங்கள். ஆண்டுக்கணக்கில் அசையாத நாடா ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். டேப் ரெக்கார்டரில் நாடாவைத் தொட்டுப் படிக்கும் தலையை ஸ்பிரிட்டும் பஞ்சும் வைத்துத் துடையுங்கள். பிறகு தலையின் பக்கத்தில் ஸ்பிரிங் போட்ட ஒரு சின்னத் திருகு இருக்கும். பாட்டு ஓடும்போதே அதை மயிரிழை மயிரிழையாகத் திருப்புங்கள். கம்பளிக்குள்ளிருந்து பேசுவதுபோல இருந்த குரல் ஒரு இடத்தில் பளிச்சென்று திறக்கும். அங்கே நிறுத்துங்கள். ஒவ்வொரு நாடாவுக்கும் அந்த இடம் மாறும், ஏனென்றால் பதிவு செய்த ரெக்கார்டரின் தலை எந்தச் சாய்வில் இருந்ததோ அதே சாய்வு வேண்டும். கடையில் நான் காலையில் செய்யும் முதல் வேலை அதுதான், சாம்பிராணி போடுவதற்கும் முன்னால்.

ஆடாசிட்டி என்ற மென்பொருளில் பதியுங்கள். 16 பிட், 44,100 தாராளமாகப் போதும். பாட்டு பாட்டாக வெட்டிக்கொள்ளலாம், ஆனால் அறிவிப்பாளர் பேசுவதை வெட்டி எறியாதீர்கள். நேர அறிவிப்பு, பிறந்தநாள் வாழ்த்து, விளம்பரம் எல்லாம் இருக்கட்டும். வெட்டாத முழு நாடாவையும் தனி ஃபோல்டரில் வையுங்கள். உறையில் அப்பா கைப்பட எழுதியிருப்பதைப் போட்டோ எடுத்து cover.jpg என்ற பெயரில் அதே ஃபோல்டரில் போட்டால், ஆல்பத்தின் அட்டைப் படமாக அதுவே தெரியும்.

பெட்டி ராத்திரியில் கிர்ர் என்று சத்தம் போடுகிறது. வீட்டில் திட்டு விழுகிறது.
(பெயர் வேண்டாம் என்ற வாசகர், சேலம்)

பெட்டியை மர அலமாரியின் மேல் வைத்திருப்பீர்கள், அலமாரிதான் சேர்ந்து பாடுகிறது. பழைய யோகா பாயில் ஒரு துண்டு வெட்டி அடியில் கொடுங்கள். கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேசுக்குள் தள்ளிவிடாதீர்கள், மே மாதத்தில் டிஸ்க் வெந்துவிடும். பேக்கப் ஓடும் நேரத்தை ராத்திரி இரண்டிலிருந்து மத்தியானம் மூன்றுக்கு மாற்றுங்கள். அப்புறமும் சத்தம் குறையாமல், நடுநடுவே ‘டக் டக்’ என்றும் கேட்டால் அது அலமாரி இல்லை, டிஸ்க். இந்தப் பக்கத்தை மூடி வைத்துவிட்டு முதலில் பேக்கப் எடுங்கள்.