திட்டமிட்ட நகரத்தில் யாருக்கு இடம் இருந்தது?

கேள்வி: பல வளரும் நாடுகளில் பெருநகரங்களைச் சுற்றிச் சேரிகள் பெருகிய அதே காலத்தில், சீனா, கியூபா போன்ற சோஷலிச நாடுகளின் நகரங்கள் அவ்வாறு வீங்கவில்லை என்று படித்தேன். பொருளாதாரத்தை அரசே வகுத்து நடத்தும் மத்தியத் திட்டமிடல் நகரங்களைச் சீராக வளர்த்தது என்று இதற்குப் பொருள் கொள்ளலாமா?

பதில்: வீங்கவில்லை என்பது உண்மை. சீராக வளர்ந்தன என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

திட்டக் குழுக்களின் பார்வையில் இரும்பாலையும் மின்நிலையமும் உற்பத்தி. வீடு, குடிநீர், சாக்கடை ஆகியவை வெறும் செலவு. ஒரு தொழிலாளியை நகரத்துக்குள் விட்டால் அவருடைய குடும்பத்துக்கு வீடும் மானிய விலையில் உணவும் அரசே தரவேண்டியிருக்கும் என்பதால், ஆலையை நகரத்தில் கட்டிவிட்டு ஆட்களைக் கிராமத்திலேயே நிறுத்திவைப்பது சிக்கனமாகத் தெரிந்தது. சீனாவில் 1960-இல் மக்கள்தொகையில் ஏறத்தாழ 20 விழுக்காட்டினர் நகரங்களில் வாழ்ந்தனர். 1978-இல் அது சுமார் 18 விழுக்காடு. இடைப்பட்ட ஆண்டுகளில் தொழில் உற்பத்தி பன்மடங்கு பெருகியிருந்தும் நகரத்தின் கதவு திறக்கவில்லை.

அந்தக் கதவின் பூட்டு, ‘ஹுகோ’ எனப்படும் குடும்பப் பதிவு. 1958-ஆம் ஆண்டுச் சட்டம் ஒவ்வொருவரையும் அவர் பதிவான ஊரோடு பிணைத்தது. காவலர் கண்ணில் படாமல் ஒரு விவசாயி நகருக்குள் நுழைந்துவிட்டாலும் அங்கே நிலைத்திருப்பது அரிது. ஏனெனில் அரசு உணவகத்தில் ஒரு கிண்ணம் நூடுல்ஸ் வாங்கப் பணம் மட்டும் போதாது, தானியக் கூப்பனும் வேண்டும், அந்தக் கூப்பனோ நகரப் பதிவு உள்ளவர்களுக்குத்தான் கிடைத்தது. இதைவிட என்னை வருத்துவது வேறொரு விதி. குழந்தைக்குத் தாயின் பதிவே உரியது என்பதால், நகரத் தொழிலாளி ஒருவர் கிராமத்துப் பெண்ணை மணந்தால் பிள்ளைகள் கிராமத்தவராகவே பதிவாயினர். 1998-இல்தான் தந்தையின் பதிவையும் பெறலாம் என்று விதி தளர்ந்தது.

கியூபா இத்தனை கடுமையாக நடந்துகொள்ளவில்லை. மருத்துவமனைகளையும் பள்ளிகளையும் மாகாணங்களுக்குக் கொண்டுசென்று, ஹவானாவுக்குப் போக வேண்டிய தேவையையே அது குறைத்தது. இது உண்மையான சாதனை என்றே நான் கருதுகிறேன். ஆயினும் தலைநகரின் பழைய வீடுகள் பராமரிப்பின்றிச் சிதைந்தன. 1997-இல் அங்கும் ஹவானாவில் குடியேறுவதைக் கட்டுப்படுத்தும் ஆணை வந்தது.

உள்ளே இடம் கிடைத்தவர்களும் வசதியாக வாழ்ந்துவிடவில்லை. வியட்நாமின் ஹனோயில் அரசு கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஒரு குடும்பத்துக்குப் பெரும்பாலும் ஓர் அறை. சமையலறையும் கழிப்பறையும் பல இடங்களில் பொது. பிள்ளைகள் பிறந்தபோதும் அறை பெரிதாகவில்லை என்பதால், மக்கள் மாடியின் வெளிப்புறச் சுவரில் இரும்புக் கம்பிக் கூண்டுகளைப் பொருத்தி வீட்டை வெளியே நீட்டிக்கொண்டார்கள். அவற்றுக்கு அவர்களே இட்ட பெயர் ‘புலிக்கூண்டு’.

நகரத்தின் வளர்ச்சியைத் தடுத்து நிறுத்தத் திட்டம் என்ற சொல் மட்டும் போதாது என்பதற்குத் தான்சானியா சான்று. 1967-இல் சோஷலிசத்தை அரசின் கொள்கையாக அறிவித்த அருஷா பிரகடனம், பின்னர் ஊர்களைத் திரட்டி அமைத்த ‘உஜமா’ கிராமங்கள், 1973-இல் தலைநகரை டொடோமாவுக்கு மாற்றும் முடிவு என்று எத்தனையோ செய்தும், 1967-க்கும் 1978-க்கும் இடையே அன்றைய தலைநகரான டார் எஸ் சலாமின் மக்கள்தொகை இரு மடங்குக்கும் மேலானது. மனிதர் உண்ணும் சோற்றையும் உறங்கும் கூரையையும் சீன அரசைப் போல் முழுமையாகக் கையில் வைத்திருக்க அந்த அரசால் இயலவில்லை.

1978-இல் தொடங்கிய பொருளாதாரச் சீர்திருத்தங்களுக்குப் பிறகு சீனாவின் நகரங்கள் பெருவேகத்தில் வளர்ந்து, 2011-இல் நகர மக்கள் பாதிக்கும் மேலானார்கள். சிறு நகரங்களில் ஹுகோ தளர்ந்திருக்கிறது. பெய்ஜிங்கிலும் ஷாங்காயிலும் அதைப் பெறுவது இன்றும் கடினம். அங்கே கட்டடங்களை எழுப்பும் கிராமத்துத் தொழிலாளர் பலருடைய பிள்ளைகள், நகரத்து அரசுப் பள்ளியில் எளிதில் சேர இயலாமல் தாத்தா பாட்டியோடு ஊரிலேயே வளர்கிறார்கள்.