பதற்றத்துக்கு யாரிடம் போவது?

பல மாதங்களாகப் படபடப்பும் தூக்கமின்மையும் இருப்பதாகவும், யாரிடம் போவது, அவர் தகுதியானவர்தானா என்று எப்படி அறிவது எனத் தெரியவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். இதே கேள்வியோடு சென்னையில் ஏறத்தாழ ஓராண்டு அலைந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

எனக்கு அது மின்சார ரயிலில்தான் தொடங்கியது. திடீரென நெஞ்சு அடித்துக்கொண்டது, கை கால் உதறியது, இறந்துவிடுவேன் என்றே நம்பினேன். இதயப் பரிசோதனைகளான இசிஜி, எக்கோ இரண்டும் சரியாக இருந்தன. தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் இதே படபடப்பு வரும் என்பதால் பொது மருத்துவர் அந்த இரத்தப் பரிசோதனையையும் செய்யச் சொன்னார். நீங்களும் அதை முதலில் முடித்துவிடுங்கள்.

அடுத்து, வீட்டுக்கு அருகில் பலகை மாட்டியிருந்த ஓர் ஆலோசகரிடம் போனேன். மூன்று முறையும் பெரும்பாலும் அவரே பேசினார்; என்னைவிடத் துன்பப்படுபவர்களை நினைத்துப் பார்க்கச் சொன்னார். குறை என்னுடையது என்று எண்ணி, அதன்பின் ஐந்து மாதங்கள் யாரிடமும் போகவில்லை. அந்த ஐந்து மாதங்களை நினைத்தால் இன்றும் மனம் வருந்துகிறது, ஏனென்றால் பலகை மாட்டியவர்கள் எல்லாரும் ஒரே பயிற்சி பெற்றவர்கள் அல்லர் என்று யாராவது சொல்லியிருந்தால் அவை மிச்சமாகியிருக்கும். மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநலத்தில் மேற்படிப்புப் படித்தவர், மருந்து எழுதுபவர். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மருந்து தருவதில்லை. பேச்சுவழிச் சிகிச்சை அளிப்பார், இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றிருப்பார். அந்தப் பதிவு எண்ணைத் தயங்காமல் கேளுங்கள். தகுதியுடையவர் அதற்குக் கோபப்படமாட்டார்.

இரண்டாவது முறை, முன்பதிவு செய்வதற்கு முன் தொலைபேசியில் நான்கு கேள்விகள் கேட்டேன்: பதிவு உண்டா, பதற்றத்துக்கு எந்த முறையில் சிகிச்சை அளிக்கிறீர்கள், ஏறத்தாழ எத்தனை அமர்வுகள் ஆகும், தமிழில் பேசலாமா. கடைசிக் கேள்வியை நீங்களும் அவசியம் கேட்க வேண்டும். ஆங்கிலத்தில் பேசும்போது நான் படித்து வைத்திருந்த சொற்களையே ஒப்பித்தேன். 'வயிற்றைப் பிசைகிறது, நெஞ்சு திக்கென்கிறது' என்று தமிழில் சொன்னபோதுதான், அது எந்த நேரத்தில், எதை நினைத்ததும் வருகிறது என்பது எனக்கே புலப்பட்டது.

அப்படிக் கேட்டுத் தேர்ந்தெடுத்த கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஓர் அம்மையார். அவர் கேட்ட முதல் கேள்வி, "இந்தப் பயத்தால் எதையெல்லாம் விட்டுவிட்டீர்கள்?" என்பது. அறிவுசார் நடத்தைச் சிகிச்சை, அதாவது சிபிடி, என்ற முறையில், எண்ணங்களை எழுதச் சொன்னார். நின்ற இடத்திலேயே ஓடவைத்து, நெஞ்சு படபடத்தாலும் ஆபத்தில்லை என்பதை உடலுக்கே உணர்த்தினார். பிறகு தாம்பரத்திலிருந்து சானடோரியம் வரை, ஒரே ஒரு நிலையம், ரயிலில் போகச் சொன்னார். பதினான்கு அமர்வுகளுக்குப் பின் கடற்கரை நிலையம் வரை தனியாகப் போனேன். எல்லாருக்கும் இதே வேகத்தில் குணமாகும் என்று சொல்லமாட்டேன். சிலருக்கு மருந்தும் தேவைப்படும், அதில் வெட்கப்பட எதுவுமில்லை. ஆனால் நான்கைந்து அமர்வுகளுக்குப் பிறகும் அறிவுரை மட்டுமே கிடைக்கிறது என்றால் வேறொருவரிடம் மாறுங்கள்.

கட்டணம் தடையாக இருந்தால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். சென்னையில் 1794இல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் மனநல நிலையம் இருக்கிறது. அந்தப் பெயரை வசைச்சொல்லாக்கி வைத்திருப்பதாலேயே பலர் வாசல்வரை போய்த் திரும்புகிறார்கள், ஆனால் புறநோயாளியாகக் காண்பித்துவிட்டு அன்றே வீடு திரும்பலாம். சிகிச்சை விவரங்கள் ரகசியமாக இருக்க வேண்டும் என்பது 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தரும் உரிமை. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல உதவிச் சேவையின் 14416 என்ற எண்ணில் இரவு பகலாக, கட்டணமின்றி, தமிழிலேயே பேசலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எட்டிப் பார்த்தால், தேடிக்கொண்டிருக்காமல் இன்றே அந்த எண்ணை அழையுங்கள், அல்லது அருகிலுள்ள மருத்துவமனைக்குப் போங்கள்.

தொலைபேசியை எடுக்கவே கை நடுங்கினால், கேள்விகளைத் தாளில் எழுதி வீட்டில் ஒருவரிடம் கொடுங்கள். எனக்காக அந்த நான்கு கேள்விகளில் முதல் இரண்டை என் அண்ணன்தான் கேட்டார். மற்ற இரண்டையும் தொலைபேசியை வாங்கி நானே கேட்டேன்.