காவிரி டெல்டா, மாறும் பருவநிலை: ஆய்வாளரிடம் கேள்வி பதில்

திருத்துறைப்பூண்டி விவசாயி: ஐயா, எங்கள் ஊர் எந்த வருடம் கடலுக்குள் போகும்? யூடியூபில் ஆளுக்கொரு தேதி சொல்கிறார்கள்.

தேதி சொல்பவரை நம்பாதீர்கள். ஐ.நா.வின் பருவநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் 2021 அறிக்கைப்படி, 2100-க்குள் உலகக் கடல்மட்டம் சராசரியாக, பூமியைச் சூடாக்கும் வாயுக்களின் வெளியேற்றம் மிகவும் குறைந்தால் 28 முதல் 55 செ.மீ. வரையும், மிக அதிகமானால் 63 முதல் 101 செ.மீ. வரையும் உயரலாம். இது ஜோசியம் அல்ல, 'நாம் இப்படி நடந்தால் இப்படி ஆகலாம்' என்ற கணக்கு.

உங்களுக்கு முதலில் வரும் தொல்லை மூழ்குவது அல்ல, தண்ணீர் வடியாமல் நிற்பது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அடப்பாறும் அரிச்சந்திரா நதியும் கடலில் வடிந்தாக வேண்டும். கடல் ஒரு சாண் உயர்ந்தாலும் வடிகால் மெதுவாகும், சம்பா அழுகும். கோடையில் அதே வாய்க்கால் வழியாக உப்புநீர் மேலே ஏறும். இதை மனதில் வைத்துத்தான் வெண்ணாறும் அதன் கிளைகளும் பாயும் உபவடிநிலத்தில் ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில் ஆறுகளை அகலப்படுத்தி, கரைகளைப் பலப்படுத்தும் திட்டம் வந்தது.

பொறியியல் மாணவர், திருவாரூர்: சார், செயற்கைக்கோள் வரைபடத்தில் எங்கள் கிராமம் 5 மீட்டர் உயரம் என்று காட்டுகிறது. அப்போ பயமில்லைதானே?

எந்த வரைபடம்? 2000-ஆம் ஆண்டு விண்கலத்திலிருந்து ரேடார் மூலம் எடுத்த எஸ்ஆர்டிஎம் என்றால், அதன் அலைகள் பல இடங்களில் தரையைத் தொடவே இல்லை. தென்னந்தோப்பு, கூரை எல்லாம் சேர்ந்த உயரம் அது. வியட்நாமின் மீகாங் டெல்டாவில் இதே சிக்கல். சராசரி உயரம் 2.6 மீட்டர் என்று இந்த வகைத் தரவை வைத்து நம்பியிருந்தார்கள். 2019-இல் தரை அளவீடுகளை வைத்துப் பார்த்தால் சுமார் 0.8 மீட்டர்தான். ஒரு டெல்டா முழுவதுக்குமான திட்டம் இந்த ஒரு எண்ணில் புரண்டுவிடும். எந்த ஆய்வறிக்கையைப் படித்தாலும் முதலில் உயரத் தரவு எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். அதைச் சொல்லாத அறிக்கையை நான் மேற்கொண்டு படிப்பதில்லை.

ஆசிரியை, தஞ்சாவூர்: பருவமழை கூடும் என்கிறார்களே, டெல்டாவுக்கு நல்லதுதானே?

எந்த மழை என்று கேட்க வேண்டும். மேட்டூருக்குத் தண்ணீர் தருவது குடகிலும் வயநாட்டிலும் பெய்யும் தென்மேற்கு மழை. டெல்டாவின் தலையில் நேரடியாகக் கொட்டுவது வடகிழக்கு மழை. இரண்டையும் சேர்த்துச் சராசரி போட்டால் ஒன்றும் புரியாது. அப்புறம், பருவநிலையைக் கணினியில் கணிக்கும் உலக மாதிரிகள் பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கின்றன; பலவற்றில் ஒரு கட்டத்தின் பக்கம் சுமார் 100 கி.மீ.; மேற்குத் தொடர்ச்சி மலையே அதில் மழுங்கிப்போகும், டெல்டா ஒன்றிரண்டு கட்டத்துக்குள் அடங்கிவிடும். அதனால் பல மாதிரிகளை எடுத்து, உள்ளூர் மழைப் பதிவோடு திருத்தி, பிறகுதான் ஆற்று ஓட்டத்தைக் கணக்கிடுகிறோம். மொத்த மழை கூடினாலும், அது நாலு நாளில் கொட்டித் தீர்த்தால் குறுவைக்கு என்ன பயன்?

கொள்ளிடக் கரைவாசி: கரை அரிப்புக்கும் பருவநிலைதான் காரணமா?

எல்லாப் பழியையும் அதன் மேல் போடாதீர்கள். டெல்டா என்பதே ஆறு கொண்டுவந்த மண். 1934-இல் மேட்டூர் அணை வந்த பிறகு மேலிருந்து வரும் வண்டலில் பெரும்பகுதி அங்கேயே தங்குகிறது. மிச்ச மணலை லாரியில் அள்ளுகிறோம். கடலலை அரிப்பதை ஈடுகட்ட மண் வரவில்லை என்றால் கடல்மட்டம் உயராமலேயே கரை பின்வாங்கும். இதோடு ஆழ்குழாய்க் கிணறுகளில் உறிஞ்சினால் தரையும் தாழும். இதில் எதன் பங்கு எவ்வளவு என்று பிரிப்பதுதான் ஆய்வின் கஷ்டமான பகுதி.

ஆய்வு மாணவி, நாகப்பட்டினம்: சார், உப்புநீர் ஏறுவதை ஆராய பெரிய கணினி இல்லை, நிதியும் இல்லை. என்ன செய்யலாம்?

கடற்கரையிலிருந்து உள்நோக்கி ஒரே கோட்டில் சில கிணறுகளைத் தேர்ந்தெடும்மா. வைகாசியிலும் தையிலும், தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று காட்டும் மின்கடத்துத்திறன் மீட்டரால் அளந்து, அதே கிணறுகளை ஆண்டுதோறும் தொடர். மீட்டர் விலை அதிகமில்லை. வேதாரண்யம் பக்கம் என்றால் மணல்மேட்டுக் கிணறுகளைத் தனியாகக் குறி. மழைநீர் அங்கே உப்புநீருக்கு மேல் மிதந்து நிற்பதால் அளவு மாறும். கடைமடை ஷட்டரைத் திறந்து மூடும் லஸ்கர்களிடம் போய் உட்கார். எந்த மாதம் உப்பு ஏறுகிறது, எத்தனை நாள் ஷட்டரைத் திறக்க முடியவில்லை என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். பழைய பதிவேடு கிடைத்தால் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து வைத்துக்கொள்.