வயலை விற்று வணிகப் பொருளியல் படிக்க வைக்கலாமா?

கேள்வி: உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவில் சித்தியடைந்த என் மகளுக்குக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் வணிக நிருவாகக் கற்கைக்கு இடம் கிடைத்திருக்கிறது. அவளோ கொழும்பில் ஒரு தனியார் கல்லூரியில், வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் வழங்கும் வணிகப் பொருளியல் பட்டத்தைப் படிக்க விரும்புகிறாள். செலவு 30 இலட்சம் ரூபா. வயலை விற்றால் 15 இலட்சம் தேறும். மீதிக்கு வங்கிக் கடன் எடுக்கலாமா? (வாசகர், களுவாஞ்சிக்குடி)

பதில்: ஐயா, வயலை விற்க வேண்டாம் என்பதே என் உறுதியான ஆலோசனை. உங்கள் மகளின் விருப்பத்தில் எந்தக் குறையுமில்லை. அது நல்ல பாடம். பெரும்போக அறுவடையின்போது நெல் விலை இறங்கும் வேளையில் அம்பாறையிலுள்ள ஓர் அரிசி ஆலைக்காரர் கையிருப்பை உடனே விற்பதா, அல்லது களஞ்சியச் செலவையும் வங்கி வட்டியையும் தாங்கிக்கொண்டு விலை ஏறும்வரை வைத்திருப்பதா என்பதைத் தரவுகளோடு கணக்கிட்டுச் சொல்லும் திறமையைத்தான் அது கற்பிக்கிறது. பொருளியலோடு புள்ளிவிபரவியல், கணக்கீடு, நிதி ஆகியவற்றையும் சேர்த்துப் படிப்பதால் வங்கிகளின் கடன் மதிப்பீட்டுப் பிரிவு, மத்திய வங்கி, காப்புறுதி, சந்தை ஆய்வு, இலங்கைத் திட்டமிடல் சேவை எனப் பல இடங்களுக்கு அதிலிருந்து வழி உண்டு. ஆனால் இவற்றில் பெரும்பாலானவை வணிக நிருவாகப் பட்டதாரிக்கும் திறந்தே இருக்கின்றன. ஆட்சேர்ப்பில் பெரிதும் பார்க்கப்படுவது வகுப்புச் சித்தி, ஆங்கிலம், எண்களைக் கையாளும் திறன், போட்டிப் பரீட்சைப் புள்ளிகள் ஆகியவையே.

இப்போது கடனைப் பாருங்கள். 15 இலட்சம் ரூபாவை 14 சதவீத வட்டியில் 5 ஆண்டுகளுக்கு எடுத்தால் மாதத் தவணை ஏறத்தாழ 34,900 ரூபா. முடிவில் நீங்கள் கட்டியிருப்பது 20 இலட்சத்து 94 ஆயிரம். மகள் படித்துக்கொண்டிருக்கும்போதே இந்தத் தவணை தொடங்கிவிடலாம், அதைக் கட்ட உதவும் வயலும் அப்போது உங்கள் கையில் இராது. படிப்பு முடிந்து முதல் வேலை கிடைக்கச் சில மாதங்கள் தாமதித்தால்கூட வீட்டு நகைகள் அடகுக்குப் போகும் நிலை வரலாம். இதற்கு மாறாக, வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தில் கற்பித்தற் கட்டணம் இல்லை. வருமான நிபந்தனைக்குள் நீங்கள் வந்தால் மகாபொல புலமைப்பரிசிலும் கிடைக்கலாம். 2025 வரவு செலவுத் திட்டத்தில் அது மாதம் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாக உயர்த்தப்பட்டது. விடுதி, உணவு, மடிக்கணினி எல்லாம் சேர்த்தாலும் நீங்கள் சொன்ன தொகையில் ஒரு சிறு பங்குதான் செலவாகும்.

மிச்சமாகும் பணத்தில் ஒரு பகுதியை ஆங்கிலத்துக்கும், எக்செல் போன்ற மென்பொருட் பயிற்சிக்கும், பட்டயக் கணக்காளர் அல்லது சீமா (CIMA) எனும் முகாமைக் கணக்கீட்டுப் பரீட்சைக்கும் ஒதுக்குங்கள். பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே இவற்றை எழுதுபவர்கள் ஏராளம். பொருளியல் மீதான ஆர்வம் அப்போதும் குறையாதிருந்தால், முதுமாணியை அந்தத் துறையிலேயே செய்யலாம். அப்போது அவர் சம்பளம் பெறுபவராக இருப்பார், கட்டணத்தைத் தாமே சுமக்கவும் முடியும்.

இவ்வளவுக்குப் பிறகும் மகள் கொழும்புப் படிப்பில் உறுதியாக இருந்தால், பணம் கட்டுமுன் ஒன்றைக் கட்டாயம் சரிபாருங்கள். பட்டத்தை வழங்கும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் எமது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அங்கீகாரம் பெற்றதா என்று எழுத்தில் கேளுங்கள். கல்லூரியின் விளம்பரத்தை மட்டும் நம்பினால், பின்னர் அரச வேலைக்கு விண்ணப்பிக்கும்போது பட்டம் செல்லாது என்ற பதில் வரக்கூடும்.

முடிவெடுக்க நீண்ட அவகாசம் இல்லை என்பதையும் கவனியுங்கள். ஆணைக்குழு குறித்த நாளுக்குள் பதிவு செய்யாவிட்டால், கிடைத்த இடம் அடுத்த மாணவருக்குப் போய்விடும். ஆகவே இந்த வாரமே மகளோடு உட்கார்ந்து, மேலேயுள்ள தவணைக் கணக்கை அவர் கையாலேயே ஒருமுறை போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.