கடல் வீட்டுக்குள் வருகிறது, எண்ணெய் நிறுவனத்தின் மீது வழக்குப் போடலாமா?

கேள்வி: கடலோரத்தில் எனக்கு ஒரு வீடு இருக்கிறது. வருடா வருடம் கடல் நெருங்கி வருகிறது. ஐரோப்பாவில் தலைமையகம் உள்ள ஒரு பெரிய எண்ணெய் நிறுவனத்திடம் நஷ்டஈடு கேட்க முடியுமா? "உலகமே புகை விடுகிறது, ஒரு கம்பெனியை மட்டும் எப்படிப் பிடிப்பாய்?" என்று நண்பர்கள் கேலி செய்கிறார்கள்.

பதில்: வழக்குப் போடலாம். ஜெயிப்பது வேறு விஷயம்.

உங்கள் நண்பர்களின் வாதத்தைத்தான் ஜெர்மனியின் ஆர்.டபிள்யூ.ஈ. மின் நிறுவனமும் வைத்தது. 2015-இல் பெரு நாட்டு விவசாயி ஒருவர் அதன் மீது வழக்குத் தொடுத்தார். பனிமலை உருகி, மேலே இருக்கும் பால்காகோச்சா ஏரி உடைத்துக்கொண்டால் தன் வீடு போய்விடும் என்றார். பூமியைச் சூடாக்கும் வாயுக்களின் உலக உமிழ்வில் அந்த நிறுவனத்தின் பங்கு 0.47 சதவீதம் என்று அப்போது ஒரு கணக்கு இருந்தது. தடுப்பு வேலைச் செலவில் அதே பங்கை, ஏறக்குறைய 17,000 யூரோவை மட்டும் கேட்டார். கெட்டிக்காரத்தனமான கோரிக்கை! "எல்லாப் பழியும் எங்கள் தலையிலா?" என்று எதிர்த்தரப்பு கேட்கவே முடியாது.

2025 மே மாதம் ஜெர்மனியின் ஹாம் நகர மேல்முறையீட்டு நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. காரணத்தைக் கவனியுங்கள்: அடுத்த 30 ஆண்டுகளில் வெள்ளம் அவர் வீட்டை எட்டும் வாய்ப்பு சுமார் 1 சதவீதம்தான் என்று நிபுணர் மதிப்பிட்டார். பெரிய உமிழ்வாளர்கள் தூர தேசத்துச் சேதத்துக்கும் பொறுப்பாக முடியும் என்பதை அதே தீர்ப்பு கொள்கையளவில் ஏற்றுக்கொண்டது. ஆக, அவர் தோற்றது தன் வீட்டுக்கான ஆபத்தை நிரூபிக்க முடியாததால். உங்கள் வழக்கின் உயிரும் அங்கேதான் இருக்கிறது.

"உமிழ்வைக் குறை" என்று உத்தரவு கேட்பது இன்னும் கடினம். ஷெல் எண்ணெய் நிறுவனம் 2030-க்குள் 45 சதவீதம் குறைக்க வேண்டும் என்று நெதர்லாந்தின் ஹேக் மாவட்ட நீதிமன்றம் 2021-இல் சொன்னது. 2024-இல் மேல்முறையீட்டில் அந்த அளவு ரத்தானது. குறைக்கும் கடமை உண்டு என்பது மட்டும் நின்றது. அந்த வழிக்கு நீங்கள் போகவேண்டாம்.

சரி, எங்கே போடுவது? நிறுவனத்தின் தலைமையகம் ஐரோப்பிய ஒன்றிய நாட்டில் இருந்தால் அங்கேயே போடுங்கள். சுற்றுச்சூழல் சேத வழக்குகளில், சேதம் நடந்த நாட்டின் சட்டமா, சேதத்துக்குக் காரணமான செயல் நடந்த நாட்டின் சட்டமா என்பதை அங்கே வாதியே தேர்ந்தெடுக்கலாம்.

வக்கீலைப் பார்க்கப் போகும்போது வீட்டுப் பத்திரம், பழைய புகைப்படங்கள், கரை எவ்வளவு பின்வாங்கியது என்று காட்டும் அளவீடு, இதுவரை செய்த செலவுக்கான ரசீதுகள் எல்லாம் கையில் இருக்கட்டும். காலவரம்பை முதலிலேயே கேளுங்கள். தோற்றால் எதிர்த்தரப்பின் வக்கீல் செலவு உங்கள் தலையில் விழுமா என்பதையும் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.