சாரல் அடித்தால் ஹாலுக்குள் தண்ணீர்

கேள்வி: எங்கள் மாடி வீட்டு ஹாலில் மூன்று ட்ராக் அலுமினிய ஸ்லைடிங் ஜன்னல். காற்றோடு மழை வந்தால் கீழ் ட்ராக் நிரம்பி உள்ளே வழிகிறது. பார்க்க வந்தவர், 'ரப்பர் போச்சு, மொத்தமா மாத்திடுங்க' என்கிறார். மாற்றித்தான் ஆகணுமா?
- ஒரு வாசகி, மேடவாக்கம்

பதில்: அவசரப்படாதீங்கம்மா. ஸ்லைடிங் ஜன்னலின் கீழ் ட்ராக்குக்குள் மழைத் தண்ணீர் வரத்தான் செய்யும். அது வெளியேற, பிரேமின் வெளிப்பக்கம் சின்ன ஓட்டைகள் விட்டிருப்போம். அதில் மண்ணும் தலைமுடியும் அடைத்திருக்கும். பழைய டூத் பிரஷ்ஷும் துடைப்பக்குச்சியும் போதும். குத்திச் சுத்தம் செய்து, ஒரு டம்ளர் தண்ணீரை ட்ராக்கில் ஊற்றுங்கள். மடமடவென்று வெளியே போகணும். சில வீடுகளில் பெயின்டரே அந்த ஓட்டையில் இடைவெளி அடைக்கும் சிலிக்கான் பசையைப் பூசி வைத்திருப்பார். கேட்டால், 'லீக்கை அடைச்சேன் சார்' என்பார்! பிளேடால் கீறி எடுத்துவிடுங்கள்.

அப்புறமும் வழிந்தால் ரப்பரைப் பாருங்கள். கண்ணாடியைச் சுற்றியுள்ள பீடிங் வெயிலில் விறைத்து, மூலைகளில் சுருங்கி இடைவெளி விட்டிருந்தால் அதை மட்டும் மாற்றலாம். ஒரு துண்டு வெட்டிக் கடைக்கு எடுத்துப் போங்கள். கண்ணாடியின் தடிமனையும் சொல்லணும். 'இபிடிஎம்' ரப்பர் என்று கேளுங்கள், வெயில் தாங்கும். இழுத்துப் போட்டால் பிறகு சுருங்கிக்கொள்ளும். அதனால் மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் கூட்டி வெட்டி, நெருக்கித் தள்ளி உட்கார வையுங்கள். ஷட்டர், அதாவது நகரும் கண்ணாடிக் கதவின் ஓரத்தில் பஞ்சு மாதிரி இருக்கும் வூல் பைல் தேய்ந்திருந்தால் அதையும் உருவிப் புதிதாகச் செருகலாம். ஷட்டரைக் கழற்ற இரண்டு பேர் வேண்டும். மாடி வீடு, கண்ணாடி நழுவினால் வம்பு.

சுவரும் பிரேமும் சேரும் இடத்தில் விரிசல் இருந்தால் நியூட்ரல் சிலிக்கான் வாங்குங்கள். வினிகர் வாடை அடிக்கிற ரகம் சிமென்ட்டில் சரியாகப் பிடிக்காது. பழைய சிலிக்கானைச் சுரண்டி எடுக்காமல் மேலேயே பூசினால் ஒட்டாது. சுவர் நன்றாகக் காய்ந்திருக்கணும், ஆகவே ஐப்பசிக்கு முன்பே முடித்துவிடுங்கள். வெளிப்பக்க வேலையைக் கயிறு கட்டி இறங்குகிற ஆட்களிடம் விடுங்கள்; நீங்கள் எட்டிப் பார்த்துச் செய்ய வேண்டாம்.

கேள்வி: பீடிங் காயாமல் இருக்கத் தேங்காய் எண்ணெய் தடவலாமா?
- ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: கூடாது. பிசுபிசுவென்று தூசியைப் பிடித்துக்கொள்ளும். சோப்புத் தண்ணீரில் துடைத்து, காய்ந்ததும் கொஞ்சம் சிலிக்கான் ஸ்பிரே அடியுங்கள். மண்ணெண்ணெய், பெட்ரோல் பக்கமே போகாதீர்கள், ரப்பர் ஊதிப்போகும்.